சுவாமி அறையில் துவக்கு

குணவதியைத் துவக்குக்காரி என்று முதலில் சொன்னது யார் என்று ஸ்காபரோவில் ஒருவருக்கும் தெரியாது. பிளாசாவில் மீன் வெட்டுகிறவராக இருக்கலாம். கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்று அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு அர்ச்சனைக்குப் பிந்திவிட்டது என்று ஐயரைக் குறை சொல்கிற அன்ரிமாராகவும் இருக்கலாம். பெயர் அவளுடைய காதிலும் விழுந்தது. செய்கிற வேலையைத்தானே சொல்கிறார்கள் என்றுவிட்டு, பாரை மீனைக் குழம்புக்கு ஏற்ற துண்டாக வெட்டித் தரச் சொன்னாள்.

அவள் வேலை செய்தது, மோதுண்ட கார்களுக்கு நெளிவெடுக்கும் கடைகளின் வரிசையில் கடைசியாக இருந்த மரியோவின் பட்டறையில். இலையுதிர்காலத்தில் மானையும் மூஸ் என்ற பெரிய மானையும் சுட வடக்கே போகிறவர்கள், தகப்பன் பாட்டன் காலத்துத் துவக்குகளை அங்கே கொண்டுவருவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் போல்ற்றைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய பழைய சாதித் துவக்குகள். இரும்பில் பிடித்த கறளை எடுத்து, பிளந்த மரத்தைப் பொருத்தி, சன்னம் குறி வைத்த இடத்திலேயே போய் விழும்படி செய்து கொடுப்பது தொழில். முன்பு குணவதி ஒரு தளபாடத் தொழிற்சாலையில் மேசைக் கால்களுக்கு மினுக்கம் போட்டுக்கொண்டிருந்தாள். அதை இழுத்து மூடியபோது, மரம் தெரிந்த கை வேண்டும் என்று மரியோ அவளைக் கூப்பிட்டான். அன்றிலிருந்து இரும்பு மரியோவுக்கு, மரம் அவளுக்கு என்று நடந்தது.

அவளுக்கு அது போதவில்லை. இரும்பையும் தா, முழுத் துவக்கையும் நானே செய்கிறேன் என்று மரியோவை அரித்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கோடையில் அவன் தாங்க முடியாமல் ஒன்றைத் தூக்கி அவளுடைய மேசையில் போட்டான். ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஒருவருடைய துவக்கு. மழையில் கிடந்து மரம் வீங்கி, எங்கே குறிவைத்தாலும் வேறெங்கோ போய்ச் சுடுகிற சாமான்.

"இதை நீயே செய். வேட்டைக் காலத்துக்கு முன் சுடுதளத்தில் வைத்துச் சுட்டுப் பார்ப்போம். ஒழுங்காக விழுந்தால் இனி முழு வேலையும் உனக்கு. விழாவிட்டால் பழையபடி மரம்" என்றான் மரியோ. அவன் ஆங்கிலத்தில் சொன்னது இன்னும் கொஞ்சம் காரமாக இருந்தது.

குணவதி அந்தத் துவக்கோடு மல்லுக்கட்டினாள். முன்மரத்துக்குள் இரும்பு வந்து உட்காரும் இடத்தில் மரம் நைந்து போயிருந்தது. வெடிக்கும் ஒவ்வொரு முறையும் இரும்பு அதற்குள் ஆடும். ஆடினால் குறி தப்பும். நைந்ததை வெட்டி எறிந்து, வால்நட் துண்டு வைத்து ஒட்டி, இரும்புக்குப் புகைக்கரி பூசி அழுத்திப் பார்த்து, கரி பட்ட இடத்தை உளியால் சுரண்டி, திரும்பவும் அழுத்தினாள். வீட்டில் இடியப்பம் பிழியும்போதுகூட கை அந்தச் சுரண்டலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. கடைசியாகக் குழலின் வாயைப் புதிதாக வெட்டினாள். சன்னம் துவக்கைவிட்டுப் போகும்போது கடைசியாகத் தொடும் விளிம்பு அது. அங்கே ஒரு பக்கம் மயிரளவு பழுதென்றாலும் சன்னம் கோணிக்கொண்டு போகும். வெட்டிய வாய் பளபளவென்று வெறும் இரும்பாக இருந்தது. கறள் பிடிக்காமல் கருமை ஏற்றுவதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டாள். அப்போதுதான் சரஸ்வதி பூசை வந்தது.

வீடு கணவனின் தமையன் இரத்தினவேலுடையது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர்தான் முதலில் கனடாவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் எட்டுப் பேரோடு கிடந்து, தம்பி அன்புராசாவைக் கூப்பிட்டு எடுத்தவர். மனைவி செத்த பிறகு தம்பி வீட்டில் கீழறையில் இருந்தார். அன்புராசா விடியற்காலையில் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறி பிறம்ரன் வெயர்ஹவுசுக்குப் போய் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். நல்ல மனிதன். தமையன் இருமினால் இவனுக்குத் தொண்டை நோகும்.

ஒவ்வொரு வருடமும் பூசையில் குணவதி தன்னுடைய உளியையும் அரத்தாளையும் ஒரு தட்டில் வைப்பாள். இந்த வருடம் முழுத் துவக்கும் தன் வேலை என்பதால் அதைக் கொண்டுவந்தாள். லைசென்ஸ் அவளிடம் இருந்தது. போல்ற்றைக் கழற்றித் தனிப் பெட்டியில் பூட்டி, விசைக்கும் பூட்டுப் போட்டு, கும்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தினாள்.

"அம்மா, இது லீகலா?" என்று மகள் நிலாணி கேட்டாள்.

"பூட்டைப் பாத்தனிதானே. அவலுக்குச் சக்கரை போட்டிட்டியோ?"

"போட்டாச்சு. பெரியப்பா பாத்தா ஃபுல் டிராமாதான்."

இரத்தினவேல் தலை தோய்ந்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு தேவாரப் புத்தகத்தோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உது என்ன பிள்ளை?"

"துவக்கு, பெரியத்தான்."

"துவக்கெண்டு தெரியுது. சுவாமி அறைக்குள்ளை உதுக்கு என்ன அலுவல்?"

"நிலாணியின்ரை லப்டொப் கிடக்கு. இவரின்ரை கார்த் திறப்புக் கிடக்கு. இது என்ரை வேலைச் சாமான்."

"வேலைச் சாமானோ? கொலைச் சாமான்."

"மான் சுடுறதுக்கு வைச்சிருக்கினம்."

"மானுக்கு உயிரில்லையோ?"

"விரதம் துவங்க முந்தி ஆட்டுக் கறியை எலும்பு விடாமச் சூப்பினனீங்கள். ஆட்டுக்கும் உயிர் இருந்ததுதான்."

"வாய் காட்டாதை. பொம்பிளையள் கையாலை தொடுற சாமானே உது? எடுத்துக்கொண்டு போ வெளியிலை."

"மாட்டன்."

அன்புராசா அவலைப் பார்த்தான், கடலையைப் பார்த்தான், கும்பத்துத் தேங்காயைப் பார்த்தான். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமல், "அண்ணை, பூசைக்கு நேரம் போகுது" என்றான்.

இரத்தினவேல் துவக்கைத் தானே தூக்கி வெளியே வைக்கலாம் என்று குனிந்தார். தோளில் வைக்கிற சோங்கின் அடியில் இருந்த பித்தளைத் தகடு குத்துவிளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இது மூண்டு நொட் மூண்டு" என்றார். ஊரில் பொலிஸ்காரர் தூக்கிக்கொண்டு திரிந்த சாதி.

அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையில் இளந்தாரியாக வேலை செய்த நாளில், கடையைப் பூட்டிக்கொண்டு போனவரைப் பொலிஸ்காரன் ஒருவன் மறித்து, கேள்வி ஒன்றும் கேட்காமல், துவக்குச் சோங்கால் தோளில் இடித்தான். அந்த வலக்கை பிறகு தோளுக்கு மேல் உயர்ந்ததில்லை. பிரித்தானியாக்காரன் விட்டுப்போன அதே சாதித் துவக்குகள்தான் கனடாவில் மலிவாக விற்று, முன்மரம் வெட்டப்பட்டு, மான் வேட்டைக்குப் போயிருந்தன. குணவதிக்குக் கதை தெரியும். ஆனால் ஒரு ரயில் சாரதியின் மூஸ் துவக்கும் அந்தக் கதையில் வருகிற துவக்கும் ஒன்றென்று அவளுடைய புத்தி ஒருநாளும் இணைத்துப் பார்த்ததில்லை.

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவர் தோளைச் சொல்லி, பிள்ளை, இதைப் பார்க்க ஏலாமல் கிடக்கு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கணமே தூக்கிக்கொண்டு போயிருப்பாள். அவர் சொன்னது வேறு.

"உதைத் தொட்டுச் சம்பாதிக்கிறவளின்ரை கையாலை இனி நான் ஒரு வாய் சாப்பிடமாட்டன். வேலையை விட்டிட்டு வந்து சமை. அதுவரைக்கும் எனக்குச் சோறு வேண்டாம்."

குணவதிக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. சந்தனத்தைக் குழைத்தாள். தண்ணீர் கூடிவிட்டது, அதையும் பார்க்கவில்லை. சோங்குக்கு ஒரு பொட்டு, நடுமரத்துக்கு ஒரு பொட்டு, மேலே குங்குமம். ஆத்திரம் தீராமல், குழலின் வாயிலும் விரல் நிறைய அள்ளி அப்பினாள். அதன் பிறகு அதைத் தொடவில்லை. பூசையில் வைத்த சாமானை விஜயதசமிக்கு எடுக்கும்வரை தொடக்கூடாது. அடுத்த நாளும் அன்புராசா வேலையால் வந்து குளித்த பிறகுதான் விஜயதசமிப் பூசை நடந்தது. ஈரம் பட்ட இரும்பு கறள் பிடிக்கும் என்று ஊருக்கே சொல்லக்கூடியவள், ஒரு இரவும் ஒரு பகலும் தன் துவக்கின் வாயில் ஈரச் சந்தனத்தை வைத்துவிட்டுச் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்தாள். எடுத்தபோது வெளியில் இருந்ததை எண்ணெய்த் துணியால் துடைத்தாள். விளிம்புக்கு உள்ளே ஒட்டியிருந்ததைப் பார்க்கவில்லை.

இரத்தினவேல் சொன்னபடி சாப்பிடவில்லை. பட்டினி கிடந்தார் என்று நினைக்கக்கூடாது. பிளாசாவில் மட்டன் ரோல்ஸும் கொத்துரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, கீழறைக் கதவைத் திறந்துவைத்து, பை சரசரக்கச் சாப்பிட்டார். தம்பி வீட்டில் சமையல் இல்லையோ என்று கடைக்காரர் கேட்டபோது ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு பொழுது சாய்வதற்குள் ஸ்காபரோவைச் சுற்றி வந்துவிட்டது. குணவதியின் தமக்கை மார்க்கம் நகரத்திலிருந்து போன் எடுத்து, மூத்த மனுசனைக் கடைச் சாப்பாட்டுக்கு விட்டது உனக்கு வெட்கமாயில்லையா என்று கேட்டாள். குணவதி அவருடைய பங்குக்கும் அரிசி போட்டாள். கூப்பிடவில்லை.

சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. சுடுதளம் நகரத்துக்கு வடக்கே, அறுவடை முடிந்த சோளக் காணிகளுக்கு நடுவில். அன்புராசாதான் காரில் கொண்டுபோய் விட்டான். விட்டவன் வெளியே இறங்காமல், ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தான்.

குணவதி மணல் மூட்டையில் துவக்கைச் சாய்த்து, கன்னத்தை மரத்தில் வைத்தாள். போல்ற் வெண்ணெயில் போவதுபோலப் போனது. மரம் ஆடவில்லை. கையில் எல்லாமே சரியாக இருந்தது. மூச்சை விட்டு, விசையை அழுத்தினாள். அப்படியே இன்னும் சில தரம் சுட்டு முடிய, மரியோ தொலைநோக்கியில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அவளே போய்ப் பார்த்தாள். சன்னங்கள் கடதாசியின் வலது கீழ்ப்பக்கத்தில் கோழி கிளறிய மாதிரிச் சிதறிக் கிடந்தன. திரும்பவும் சுட்டாள். திரும்பவும் அதே கதை.

மரியோ குழலின் வாயைப் பூதக்கண்ணாடியால் பார்த்தான். விரல் நகத்தால் உள்ளே சுரண்டினான். நகத்தில் மஞ்சளாக ஏதோ வந்தது. அதன் கீழே விளிம்பின் ஒரு பக்கத்தைக் கறள் தின்றிருந்தது.

"இது என்ன?"

"சந்தனம்."

"துவக்கின் வாயிலா? யார் வைத்தது?"

"நான்."

"ஏன்?"

"கும்பிட."

மரியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவனும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற ஆள்தான், சிரிக்கவில்லை. "சரி. திங்கட்கிழமை நான் வெட்டிச் சரிசெய்கிறேன். சொந்தக்காரர் வியாழக்கிழமை வருகிறார். நீ மரத்தோடு நில், குணா. மரம் நன்றாக இருக்கிறது."

"இல்லை."

"என்ன இல்லை?"

"பழுதாக்கினது நான், திருத்துறதும் நான். உனக்குச் சரிவராது எண்டால் இப்பவே சொல்லு, நான் வேறை கடை பாக்கிறன்" என்று பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னாள். தமிழ்ப் பாதிதான் மரியோவுக்கு நன்றாக விளங்கியது. வியாழக்கிழமைவரை தவணை கொடுத்தான்.

காரில் அன்புராசா நெடுநேரம் வைப்பரைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

"குணம், நான் ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியே?"

"கோவிப்பன். சொல்லுங்கோ."

"அண்ணைக்குச் சீனி வருத்தம். கடைச் சாப்பாட்டாலை ஏதும் நடந்தால் சனம் என்னைத்தான் கேக்கும். நீ கொஞ்ச நாளைக்கு வேலையாலை நில்லன். பிறகு பாப்பம்."

"கொஞ்ச நாளைக்கு எண்டு நிண்ட ஆர் பிறகு வேலைக்குப் போனது, சொல்லுங்கோ. உங்கடை அக்கா கொஞ்ச நாளைக்கு எண்டுதான் தையலை விட்டவ. நான் நிக்கமாட்டன்."

"அதுதான் இண்டைக்குக் குறியும் பிழைச்சுப் போச்சே."

"பிழைச்சது நான் செய்த பிழையாலை. வேலை பிழைக்கேல்லை."

அன்புராசா வீட்டுக்குப் போனதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சப்பாத்துக் கழற்றுவதற்குள் தமையனிடம் எல்லாம் சொல்லிவிட்டான். இரத்தினவேல் கீழறையிலிருந்து ஏறி வந்தார். பல நாளுக்குப் பிறகு அவருடைய முகத்தில் ஒரு தெளிவு.

"பாத்தியே பிள்ளை, சரஸ்வதியே வேண்டாம் எண்டு காட்டிப்போட்டா."

குணவதி ஈரச் சால்வையை உதறிக் கொளுவினாள்.

"சரஸ்வதி காட்டினது சந்தனத்திலை தண்ணி இருக்கெண்டு, பெரியத்தான். அது எனக்கு முதலே தெரிஞ்சிருக்க வேணும். உங்களோடை வந்த கோவத்திலை மறந்து போனன்."

"இன்னும் அடங்கேல்லை உனக்கு. என்னை இந்தக் கோலமாக்கின சாமான் அது. அதைத் தடவித் தடவி மினுக்கி வைச்சிருக்கிறாய்."

"உங்களை அடிச்சது மரமும் இரும்புமில்லை. அடிச்சவனுக்குப் பேர் இருக்கு, முகம் இருக்கு. அவன் ரிட்டயராகி, பென்சன் எடுத்து, பேரப்பிள்ளையளோடை இருந்திருப்பான். அவனை ஒருத்தரும் வேலையை விடச் சொல்லேல்லை. அவன் அடிச்ச அடிக்கு நான் ஏன் வேலையை விடவேணும்?"

இரத்தினவேல் இடக்கையால் வலத்தோளைப் பிடித்துக்கொண்டார். நிலாணி படியில் நின்று, "அம்மா" என்று மெல்லக் கூப்பிட்டாள். குணவதிக்குச் சொன்னது கூடிப்போய்விட்டது என்று தெரிந்தது. ஆனாலும் திருப்பி எடுக்க ஒரு சொல்லும் அதில் இல்லை. உள்ளே போய் வெங்காயம் வெட்டினாள், அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து பட்டறையில் அவள் வேறொன்றையும் பார்க்கவில்லை. கறள் பட்ட விளிம்பைச் சீவி எடுத்தாள். நடுவில் இருக்கும் ஊசி குழலுக்குள் புகுந்து நிற்கிற வெட்டுச் சில்லைக் கையால் சுற்றினாள், அவசரப்படுத்தினால் கிழிக்கும். பிறகு உருண்டைத் தலைப் பித்தளை ஆணி ஒன்றில் அரைக்கும் பசை பூசி, குழலின் வாயில் வைத்து, எட்டுப்போலச் சுழற்றிச் சுழற்றி அரைத்தாள். மரியோ இரண்டு தரம் பக்கத்தில் வந்தான். இரண்டு தரமும் அவள் நிமிரவில்லை. பஞ்சு ஒன்றை எடுத்து விளிம்பைச் சுற்றித் துடைத்துப் பார்த்தாள். எங்கேயாவது பிசிறு இருந்தால் ஒரு நார் பிடிபட்டிருக்கும். பிடிபடவில்லை. அன்றே கருமை ஏற்றி எண்ணெய் பூசினாள்.

வியாழக்கிழமை வெயில், ஆனால் காது விறைக்கிற காற்று. ரயில் சாரதி சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையோடு வந்திருந்தார். தகப்பன் தனக்குச் சுடப் பழக்கிய துவக்கு என்று சொன்னார். மரியோ சுடும் மேசையை அவளுக்குக் காட்டினான். தான் சுடவா என்று கேட்கவில்லை.

அவள் சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் குழல் ஆறும்வரை இருந்தாள். முடிந்ததும் மரியோ தொலைநோக்கியில் பார்த்தான், பிறகு அதைவிட்டு எழும்பி, கடதாசி நிற்கும் இடத்துக்கு நடந்தே போனான். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். துளைகள் எல்லாவற்றையும் ஒரு உளுந்து வடையால் மூடிவிடலாம். இரண்டு துளைகள் ஒன்றாகவே போயிருந்தன.

கிழவர் கடதாசியைக் கழற்றி, ஒன்றாய்ப் போன துளைகளை விரலால் தடவினார். பிறகு, "இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

"நாங்கள்தான்..." என்று மரியோ தொடங்கினான்.

"நான்" என்றாள் குணவதி. "மரமும் இரும்பும், எல்லாம் நான்தான்."

மரியோ அவளைப் பார்த்தான். காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஓம்" என்றான். அவளிடம் பழகிய தமிழ்ச் சொல். "அவள்தான்."

அவள் வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. வெடிமருந்து மணம் சால்வையில் இருந்தது, நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விடியவே கரைத்துவைத்த புளியில் பாரை மீன் குழம்பு வைத்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, சிவப்பரிசிச் சோறு. தாளித்த வெந்தயமும் கறிவேப்பிலையும் வீடு முழுக்கப் போயிருக்கும், கீழறைக் கதவு அடியில் இடைவெளி உண்டு. அன்புராசாவும் நிலாணியும் இன்னும் வரவில்லை.

மற்ற நாட்களில் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். இன்றைக்கு ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து, சோறு போட்டு, மீனின் நடுத்துண்டை எடுத்துத் தனக்கே வைத்துக்கொண்டு மேசையில் இருந்தாள். குழைத்து முதல் வாயை வைத்தபோது, படியில் இரத்தினவேல் நின்றார். கையில் ரோல்ஸ் பை இல்லை.

"வேலை என்ன மாதிரி?" என்று கேட்டார்.

"சரியா விழுந்தது, பெரியத்தான்."

"இனியும் போவாய்."

"ஓம். திங்கட்கிழமை அடுத்த துவக்கு வருது."

அவர் கதிரையை இழுத்து இருந்தார். மீனைப் பார்த்தார். அவளுடைய விரல்களைப் பார்த்தார். அந்தக் கறுப்பு விரல்களால் அவள் முள்ளை விலக்கி, சதையைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒளிக்கவில்லை, காட்டவும் இல்லை.

"எனக்கும் கொஞ்சம் போடன் பிள்ளை" என்றார் கடைசியில்.

குணவதி எழும்பவில்லை. எழும்பாமல் இருப்பது அவளுக்கு லேசாக இருக்கவில்லை, கால் இரண்டும் தன்பாட்டுக்கு எழும்பப் பார்த்தன.

"சட்டி அடுப்பிலை கிடக்கு, பெரியத்தான். கோப்பை மேல்தட்டிலை இல்லை, உங்கடை கைக்கு எட்டக் கீழை அடுக்கி வைச்சிருக்கிறன். எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கோ."

எழுபது வயதுவரை தாயும் தமக்கையும் மனைவியும் தம்பி மனைவியும் போட்டுக் கொடுத்துச் சாப்பிட்ட மனிதர், மேசையில் இடக்கையை ஊன்றி எழும்பினார். கீழ்த்தட்டில் கோப்பை எடுத்தார். சோறு எந்தச் சட்டி, கறி எந்தச் சட்டி என்று தெரியாமல் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். ஆவியில் அவருடைய கண்ணாடி புகைந்தது.

"அகப்பை எங்கை பிள்ளை?"

"உங்களுக்கு முன்னாலைதான்" என்றாள் குணவதி, அடுத்த வாயைக் குழைத்துக்கொண்டு.